ஆசிரியர் கணக்கில் நுழைந்த குற்றம்

ஜனவரி 19, திங்கள்

என் தம்பி மகள் செண்பகவல்லி, செய்யாத குற்றத்துக்காக இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டாள். அனுப்பியவர் தலைமையாசிரியை எஸ்தர் கனகமணி. குற்றத்தைச் செய்தவர் கணினி ஆசிரியர் பால்வண்ணன். அவர் இன்றும் வகுப்பு எடுத்தார், மத்தியானம் சாப்பிட்டார், சாயங்காலம் வீட்டுக்குப் போனார். இதை முதலில் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

நடந்தது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பின் காலை வருகையைப் பத்து மணிக்குள் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காலை நேரத்தில் அந்தத் தளம் நகராது. பால்வண்ணனுக்கு இரண்டு வகுப்புப் பொறுப்பு. செண்பகாவுக்கு விரல் வேகம். அதனால் ஜூன் மாதமே தன் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்து, "நீயே போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டார். அருள்ராஜ் என்ற பையனும் நாகலட்சுமி என்ற பெண்ணும் பெயர் வாசிக்க உதவி. பாஸ்வேர்டு அவர் மகள் பெயராம். வகுப்பு முழுவதற்கும் தெரியுமாம்.

லேப் சுவரில் விதிகள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று, ஆசிரியர் கணக்கில் மாணவர் நுழையக் கூடாது என்பது. பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்திருக்கிறார். மூன்று பிள்ளைகளும் ஆசிரியர் கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். ஆசிரியர் அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தார்.

தண்டனை: பெற்றோர் மன்னிப்புக் கடிதம் கொடுக்கும்வரை மூவரும் வரக் கூடாது. செய்முறைத் தேர்வு பிப்ரவரி ஒன்பதில் தொடங்குகிறது. அதை எழுதாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாடத்தில் தேர்ச்சி கிடையாது. ப்ளஸ் டூவே கிடையாது.

தம்பி சங்கரநாராயணன் லாரியில் நாக்பூர் பக்கம் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் என்று எழுதியிருப்பது என் பெயரை. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

தாலுகா அலுவலக வாசலில் இன்று என் மேசையைப் போடவில்லை. முப்பத்தோரு வருஷமாக அங்கே மனு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. சட்டமெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகத்தில் படித்தது. அந்தத் தெம்பில்தான் போனேன்.

தலைமையாசிரியை எழுந்து வணக்கம் சொன்னார். பால்வண்ணன் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. அந்த அம்மாள்தான் பேசினார்.

"ஐயா, ரெண்டே வரி. தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காதுன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே பிள்ள வரட்டும். நானே முடிச்சு மேல அனுப்பிருதேன்."

"தெரியாம எங்க நடந்துச்சு? தெரிஞ்சுதான் போட்டா. இந்தா நிக்காரே, இவரு சொல்லித்தான் போட்டா."

"ஐயா, கொஞ்சம் மெதுவா."

"நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? பாஸ்வேர்ட மெதுவாவா குடுத்தாரு?"

அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். "நீங்க ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கீங்க. எத்தன மன்னிப்பு எழுதிருப்பீங்க, சொல்லுங்க பாப்போம்."

"அது தப்பு செஞ்சவனுக்கு எழுதுறது."

அதற்குப் பிறகு அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சில விஷயத்த நோண்டாம விட்டா எல்லாருக்கும் நல்லதுய்யா. எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்றார். 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்பதை அழுத்திச் சொன்னார். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். பால்வண்ணன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. குற்றவாளி அப்படித்தான் நிற்பான்.

ஜனவரி 21, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் பிடித்தோம். செண்பகா சாப்பிடவில்லை, காய்ச்சல் என்றாள். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

மற்ற இரண்டு வீட்டாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இன்று வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். டீக்கடையில் அருள்ராஜின் அப்பா இருந்தார். டயர் கடை வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாருங்க. நான் படிச்சுக்கூடப் பாக்கல. எங்க போடணும்னு கேட்டேன், போட்டேன், வந்துட்டேன்."

"உம்ம மகன் திருடன்னு எழுதியிருந்தாலும் போட்டிருப்பீரா?"

"திருடன்னு எழுதினா திருடனாயிருவானா? பரீச்ச எழுதினாப் போதும் எனக்கு."

கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஐயா கையெழுத்துப் போட்டா மழ பெஞ்சிரும்லா, அதான் யோசிக்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பேச்சியம்மாள், தம்பி மனைவி, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை நேராகப் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. இன்று வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அத்தான், மத்த பிள்ளைக போயிட்டாகளாம். இது மட்டும் வீட்ல கிடக்கு."

"மத்தவங்க வளைஞ்சுட்டாங்க. நம்ம வளையல."

"பிள்ள வளைஞ்சு போச்சு அத்தான்" என்றாள். அவளுக்கு இது புரியாது.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பேண்டு வாசித்தார்கள். இங்கே கேட்டது. செண்பகா வாசல் பக்கம் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

மாவட்டக் கல்வி அதிகாரிக்கு மனு எழுதி முடித்தேன். நான்கு பக்கம். நான் எழுதியதிலேயே இதுதான் சுத்தமான மனு. ஜூன் முதல் இன்றுவரை ஆசிரியர் கணக்கில் ஏற்றப்பட்ட எல்லா வருகைப் பதிவுகளையும், ஒவ்வொரு நாளையும், கையால் எழுதிய பதிவேட்டோடும் பாட ஆசிரியர்கள் சொல்வதோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்போதுதான் யார் போட்டது, யார் போடச் சொன்னது என்று தெரியும். ஒரு நாள் நடந்த தவறு என்று அவர்கள் தப்பிக்க முடியாது.

செண்பகாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லா நாளையுமா பாப்பாங்க பெரியப்பா?"

"எல்லா நாளையும்தான்."

"ஒவ்வொருத்தர் பேராவா?"

"அப்படிப் பாத்தாத்தாம்மா உண்மை வெளிய வரும்."

"அந்த வரிய மட்டும் எடுத்துருங்களேன். பாஸ்வேர்டு சார் குடுத்தாருன்னு மட்டும் எழுதுங்க."

வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளைக்கு மனு எழுதத் தெரியவில்லை. எதை எடுத்தால் மனு செத்துப்போகும் என்று விளக்கினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் பெரியப்பா" என்றாள். சின்னப் பிள்ளை, பயப்படுகிறாள். மத்தியான பஸ்ஸில் தூத்துக்குடி போய் நேரில் கொடுத்து, ரசீது வாங்கி வந்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

சாயங்காலம் ஒரு பெண் வந்தது. செண்பகாவின் வகுப்பாம், கற்பகஜோதி என்று பெயர் சொன்னது. ஒல்லி. யூனிபார்ம் போட்டிருந்தது. விரல் நுனியெல்லாம் மெழுகும் சிவப்புமாக இருந்தது, தீக்குச்சி அடுக்குகிறவர்களுக்கு இருப்பதுபோல. கிட்டே வந்தபோது பேச்சியம்மாள் புடவையில் வரும் அதே தீக்குச்சி மருந்து வாடை. உள்ளே போய் இரண்டு பேரும் பேசினார்கள். பேச்சுச் சத்தம் கேட்கவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

போகும்போது என்னிடம் வந்து நின்றது.

"தாத்தா, மனு குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சும்மா. உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கேன்."

"சரி தாத்தா" என்றது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்வரை போய், அங்கே போய்த்தான் சரியாகப் போட்டது.

பருப்பு விலை ஏறிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

பால்வண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மனுவின் நகலை அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாற்காலி போட்டேன். நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான்தான் குடுத்தேன். உங்ககிட்ட ஒத்துக்கிடுதேன்."

"அத எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா விசாரணை வரும். என் வேல போகும், போகட்டும். வேற ஒரு பிள்ள இருக்கு அதுல."

பிறகு சொன்னார். கற்பகஜோதியின் அப்பா படுத்த படுக்கை. அந்தப் பெண் விடியக்காலம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், அங்கே முடித்துவிட்டு இரண்டாவது பீரியடுக்குத்தான் பள்ளிக்கூடம் வரும். காலை வருகை பத்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். அந்நேரம் ஆள் இருக்காது. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். செண்பகா அந்தப் பெண்ணை எல்லா நாளும் வந்ததாகப் போட்டிருக்கிறாள்.

"உமக்குத் தெரியுமா?"

"மாசாமாசம் கூட்டிப் பாக்கது நான்தான? தெரியாம இருக்குமா? பிள்ள எப்படியும் வந்துருதுல்லா, நூறு பேருல ஒருத்தி படிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். கனகமணி மேடத்துக்கும் தெரியும். அதனாலதான் ரெண்டு வரியோட முடிக்கப் பாத்தோம். தோண்டினா அந்தப் பிள்ள மாட்டும்னு. உங்க பிள்ளையும் மாட்டும்."

"அப்போ எங்க வீட்டுப் பிள்ளை தலையில பழியப் போட்டு மூடப் பாத்தீங்க."

"ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வந்துரும்னு நெனச்சோம் ஐயா. நீங்க இப்படி நிப்பீங்கன்னு நெனைக்கல. மனுவ வாபஸ் வாங்குங்க. கால்ல வேணாலும் விழுதேன்."

விழவும் செய்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

செண்பகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "அவ கேக்கவே இல்ல பெரியப்பா. நானாத்தான் போட்டேன். மொத நாள் ஆப்சென்ட்னு போட்டதும் அவ மொகத்தப் பாத்தேன். மறுநாள்ல இருந்து போட்டுட்டேன்" என்றாள். மனுவை வாபஸ் வாங்கச் சொன்னாள். இன்றே கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அது வேறு, இது வேறு. பள்ளிக்கூடம் கொடுத்த ஆணையில் குற்றம் என்று இருப்பது ஆசிரியர் கணக்கில் நுழைந்தது. அதற்குப் பொறுப்பு ஆசிரியர். வருகையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இல்லாத குற்றத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? தவிர, கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கியவன் என்ற பெயர் எனக்கு இதுவரை இல்லை. இதையெல்லாம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 2, திங்கள்

வாபஸ் வாங்கவில்லை. மேசை போட்டேன். ஒரு பட்டா மாறுதல், ஒரு முதியோர் பென்ஷன்.

பிப்ரவரி 4, புதன்

விசாரணைக்கு மூன்று பேர் காரில் வந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். நாற்காலி கொடுத்தார்கள். பெரிய அதிகாரி, மாவட்டக் கல்வி அதிகாரியேதான், என் மனுவை மேசைமேல் வைத்து, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அஞ்சாம் வகுப்பு என்றேன். ஆச்சரியப்பட்டார்.

நான் கேட்டபடியே பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பெயரும். முதல் பீரியடு பாட ஆசிரியர் தன் சொந்தக் குறிப்பில் வராத பிள்ளைகளை எழுதி வைத்திருந்தார். அதையும் வாங்கி ஒப்பிட்டார்கள். நான்தான் மனுவில் அப்படிக் கேட்டிருந்தேன். மத்தியானத்துக்குள் கற்பகஜோதி பெயரில் பென்சில் வட்டங்கள் பக்கம் பக்கமாக விழுந்துவிட்டன.

பால்வண்ணன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். பாஸ்வேர்டு கொடுத்தது தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதைத்தான் நான் முதல் நாளே கேட்டேன். வெளியே வரும்போது என்னைக் கடந்து போனார். வணக்கம் சொன்னார். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. பால்வண்ணன் தற்காலிகப் பணிநீக்கம். தலைமையாசிரியையிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கற்பகஜோதியின் வருகை திரும்பக் கணக்கிட்டதில் குறைந்துவிட்டது. அப்பாவின் நோய்க்கான டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் விலக்குக் கேட்கலாமாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

செண்பகவல்லியின் மேல் இப்போது புதுக் குற்றம்: பொய்ப் பதிவு. பெரிய அதிகாரி தன் அலுவலகத்துக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

"ஐயா, பொண்ணு ஒரு வாக்குமூலம் குடுக்கட்டும். அந்தக் கற்பகஜோதி கேட்டுக்கிட்டதாலதான் போட்டேன்னு. அப்ப இது தூண்டுதல். மைனர் பொண்ணு, எச்சரிக்கையோட விட்டுரலாம். ப்ராக்டிகல் எழுதட்டும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்கு விலக்கு கிடைக்காது. ஆனா உங்க பொண்ணு தப்பிச்சிரும்."

காகிதத்தை அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். ஆறு வரி. கீழே மாணவி கையெழுத்து, பாதுகாவலர் கையெழுத்து.

அங்கேயே பாதுகாவலர் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நேரம் இல்லை. பேனாவும் அவருடையது.

பிப்ரவரி 7, சனி

செண்பகா படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஜோதி கேக்கல பெரியப்பா."

"கேக்காட்டாலும் கேட்ட மாதிரிதானம்மா. அவளுக்காகத்தான போட்ட?"

"அவ கேக்கல."

"இது வெறும் வாசகம். இப்படித்தான் எழுதணும்னு ஒரு முறை இருக்கு."

"அன்னைக்கு ரெண்டு வரியும் வெறும் வாசகம்தான? அதுக்கு நீங்க போடலையே."

"அது பொய்."

"இது?"

அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொன்னேன். வெகுநேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் போட மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. சமையலறையிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "அப்படியே உங்க மாதிரி அத்தான்" என்றாள். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

தம்பி போன் செய்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "அண்ணே, எல்லாம் நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு விட்டுட்டு இருக்கேன்" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். விவரம் சொல்லவில்லை. ஓட்டுகிறவனிடம் எதற்கு?

பிப்ரவரி 9, திங்கள்

செய்முறைத் தேர்வில் முதல் பேட்ச் முடிந்தது. செண்பகா யூனிபார்மைத் தேய்த்து மடித்து பீரோவில் வைத்தாள். தேய்ப்பதைப் பார்த்துப் போகப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டாவது பேட்ச். அருள்ராஜ் எழுதினானாம். அவன் அப்பா டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கேலி பேசியிருந்தால் பரவாயில்லை.

கற்பகஜோதி வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பெண்ணே வந்து, தான் கேட்டதாகச் செண்பகாவிடம் சொல்லிவிட்டால் காரியம் சுலபமாகும் என்பது என் யோசனை. அப்பா கட்டிலில் கிடந்தார். பெண் வேலைக்குப் போயிருந்தது. இனி முழுநாள் வேலையாம். அம்மா என்னை யாரென்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று, டாக்டர் சான்றிதழோடு விலக்கு மனு எழுதித் தருவதாகச் சொன்னேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது.

பிப்ரவரி 11, புதன்

நாளை கடைசி பேட்ச். இன்று பேச்சியம்மாள் துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு செண்பகாவோடு கயத்தாறில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "பிள்ளைக்குக் கொஞ்ச நாள் மாத்தி இருக்கட்டும்" என்றாள். செண்பகா என்னிடம் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வாக்குமூலக் காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டாள். என் கையெழுத்து மட்டும் இருக்கிறது அதில்.

நான் செய்தது எதிலும் தவறு இல்லை. பாஸ்வேர்டு கொடுத்தவர் ஒப்புக்கொண்டார். மனு ஒரு வரிகூடப் பிசகவில்லை. கேட்டதெல்லாம் நடந்தது. இனி நடக்க வேண்டியதை யார் யார் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

மாவட்டக் கல்வி அதிகாரி: வாக்குமூலத்தை நாளை காலை தேர்வு தொடங்கும்வரை ஏற்க வேண்டும். போனில் கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

தலைமையாசிரியை: கடைசி பேட்ச் பட்டியலில் செண்பகவல்லி பெயரை அடிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பால்வண்ணன்: அவளுடைய செய்முறைக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பணிநீக்கத்தில் இருப்பவர் போட்டால் செல்லுமா என்று தெரியவில்லை. கேட்க வேண்டும். நான் கேட்டால் போடுவார்.

கற்பகஜோதி: தான் கேட்டதாகச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்பது உண்மைதான்.

சங்கரநாராயணன்: இன்று ராத்திரிக்குள் மகளுக்குப் போன் செய்ய வேண்டும்.

செண்பகவல்லி: கையெழுத்துப் போட வேண்டும்.

பேச்சியம்மாள்: இந்தக் காகிதத்தை, நாளை முதல் பஸ்ஸில் நான் அனுப்பும் ஆளிடம் வாங்கி, அவள் கையில் கொடுத்து, அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். நான் சொல்லி அனுப்பியதாகச் சொல்லக் கூடாது. சொன்னால் போட மாட்டாள்.